தாள் விழுந்தால் கம்பி

சேலையூர் கேம்ப் ரோட்டில் 'எட்மண்ட் வீல் அலைன்மென்ட்' எங்கே என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'வேணாம் எட்மண்ட்' என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை வைத்துவிட்டுத் தெருவுக்கே வந்து கை காட்டுவார். ஒரு கடைக்காரருக்கு இதைவிட மோசமான பெயர் அமையாது. ஆனால் அதை அவர் தன் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டார், ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அகலமான டயர் போடலாமா? "வேணாம் சார்." பின்னால் றெக்கை வைக்கலாமா? "வேணாம் சார், இது இன்னா ஏர்போர்ட்டா?" ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தலாமா? "வேணாம் சார். இங்கேர்ந்து ராஜகீழ்ப்பாக்கம் போறதுக்குள்ள எத்தினி ஸ்பீடு பிரேக்கர் கீதுன்னு எண்ணிகினு வாங்க, அப்பறம் பேசலாம்." எண்ணிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் வெட்டச் சொன்னவர்கள் இல்லை.

எட்மண்டுக்கு ஐம்பத்தாறு வயது. மறைமலை நகரில் கார் உடம்புக்குப் பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். பெயின்ட் படாத வெறும் இரும்புக் கூடு வரிசையில் வந்து நிற்கும். அது நேரா கோணலா என்று அளந்து சொல்வது அவர் வேலை. மேலதிகாரி வந்து தோளில் கை போட்டாலும் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டர்தான். அந்தப் புத்தியோடுதான் வெளியே வந்து கடை போட்டார்.

கடையில் பெரிய எந்திரமெல்லாம் ஒன்றும் கிடையாது. தகரக் கூரை, வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை பார்க்க நடுவில் ஒரு பள்ளம், அலைன்மென்ட் பார்க்கும் பழைய கருவி ஒன்று, சுவரில் ஒரு தினசரி காலண்டர். பக்கத்து ஹார்டுவேர் கடை வருடா வருடம் கொடுப்பது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அதில் உண்டு. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற எட்மண்டுக்கு ராகு காலம் எதற்கு? அவருக்கு வேண்டியது தாள்தான்.

வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. வண்டியைச் சமதரையில் நிறுத்துவார். கிழித்த காலண்டர் தாளை மடித்து மடித்து, மூடிய கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் சிக்கென்று செருகுவார். பிறகு ஒரு மூலையை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குவார். உடம்பு கெட்டியாக இருந்தால் தாள் அப்படியே நிற்கும். முறுக்கிக்கொண்டால் இடுக்கு விரியும், தாள் கீழே விழும். அவ்வளவுதான். இதற்கு மேல் யாராவது விளக்கம் கேட்டால் எட்மண்டுக்குக் கோபம் வரும்.

இந்த மனிதருக்குத்தான் ஜோஷ்வா மருமகனாக வந்தான்.

ஜோஷ்வா பல்லாவரத்துக்காரன். அப்பா தோல் ஷெட்டில் வேலை செய்தவர். டிப்ளமா முடித்து, பந்தயக் கார்களுக்கு வெல்டிங் செய்யும் பட்டறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, சொந்தமாகச் சின்ன ஷெட் ஒன்று எடுத்திருந்தான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு: வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி முறுக்கிக்கொள்கிறதோ என்று. அதைத் தடுக்க எஞ்சினுக்கு மேலே குறுக்காகவோ, வண்டிக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரியோ ஒரு கம்பியை வைத்து முடுக்குவார்கள். கம்பெனி போட்டு அனுப்புவதில்லை, நாமாக வாங்கிப் போடுவது. ஜோஷ்வா செய்தது அந்தக் கம்பிகளைத்தான்.

பெண் கேட்டு முதல் முறை வருகிறவன் ஆப்பிளும் ஸ்வீட்டும் வாங்கி வந்திருக்கலாம். இவன் தன் கையால் செய்த கம்பி ஒன்றைச் சிவப்பு அடித்து, பளபளக்கும் காகிதம் சுற்றிக் கொண்டுவந்தான். "எங்க அப்பாவுக்கு கார்னா உயிரு" என்று எட்மண்டின் மகள் ஜான்சி சொல்லி வைத்திருந்தாள். தப்பு அவள் மேல்தான்.

எட்மண்ட் பிரித்தார். தூக்கிப் பார்த்தார். "நல்லா கீது" என்றார். பையன் முகம் மலர்ந்தது. "பெயின்ட் அடிச்ச குழாய். இதைப் போட்டா வண்டிக்கு இன்னா ஆவும் தம்பி? வெயிட்டு ஏறும், அவ்ளோதான்."

அவர் மனைவி செல்வமேரி சமையலறையில் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணம் என்னவோ நல்லபடியாக நடந்தது. ஆனால் ஜோஷ்வா அன்று முதல் மாமனாரை 'சார்' என்றுதான் கூப்பிட்டான். மாமா என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. கம்பியோ வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு ஆணிகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. துணி காயப்போட அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது என்று செல்வமேரி நல்ல மனதோடுதான் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் மருமகன் கை கழுவப் பின்னால் போனால், தன் கம்பியில் மாமனாரின் கைலி தொங்குவதைப் பார்ப்பான். இரண்டு வருடம் பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பொறுமைக்கே அவனுக்கு மாலை போடலாம்.

ஒரு வியாழக்கிழமை ஜான்சி மட்டும் தனியாகக் கடைக்கு வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பா, அவருக்கு ஓமன்ல வேலை வந்திருக்கு. சோஹார்ல. திங்கட்கிழமைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லணும்."

"நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான். போனா நானும் கூடப் போயிடுவேன்."

எட்மண்ட் கையிலிருந்த ஸ்பேனரை வைக்க இடம் தேடினார். எதிரிலேயே மேஜை இருந்தது.

"அவருக்குப் போக இஷ்டமே இல்ல பா. ஷெட்டுக்கு ஆர்டர் வரல. வர்றவங்க எல்லாம் 'எட்மண்ட் சார் என்ன சொல்றாரு'ன்னுதான் கேக்கறாங்க. மாமனாரே வேணாம்னு சொல்ற பொருளை யாரு வாங்குவா?"

கடைசி நம்பிக்கையாக ஒன்று இருந்தது. பள்ளிக்கரணையில் ஷ்யாம்சுந்தர் என்று ஒரு ஐ.டி. மனிதர். கூரையைத் திறந்து மூடுகிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார், செகண்ட் ஹேண்டு. போன மாதம் ஜோஷ்வா அதற்கு அடிக்கம்பி போட்டான். ஞாயிறு காலை ஒன்றாக வண்டி ஓட்டப் போகிற பதினோரு பேர் கொண்ட கூட்டம் அவருடையது. அவருக்குப் பிடித்துவிட்டால் மற்ற பத்துப் பேரும் வாங்குவார்கள். ஆனால் கம்பி போட்ட நாளிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது, ஓட்டுநர் பக்கக் கதவு இடிக்கிறது. கம்பி போடுவது பிரயோஜனமா இல்லையா என்று எட்மண்ட் சாரே சொல்லிவிடட்டும் என்று, வருகிற ஞாயிறு பதினோரு வண்டியும் இங்கே வருவதாக முடிவாகியிருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல பா. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் ஜான்சி. அவள் அப்படித்தான், அப்பாவிடம் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கத் தெரியாதவள். எட்மண்டே வளர்த்த பெண் அல்லவா.

வீட்டில் செல்வமேரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. "தோ பாரு. ஞாயித்துக்கெழம அந்த 'வேணாம்'ங்கற வார்த்தைய வாய்க்குள்ளயே வெச்சிக்கினு இரு. வெளிய உட்டுடாத."

"கோணல நேருன்னு சொல்லச் சொல்றியா?"

"கோணலையும் நேரையும் நான் இன்னாத்தக் கண்டேன்? எனக்கு என் பொண்ணு இங்க இருக்கணும்."  எட்மண்டுக்கும் அதே ஆசைதான். அதைக் காட்டாமல் இருக்க, சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார்.

சனிக்கிழமை மாலை மழை தூறியது. துணி எடுக்கப் பின்பக்கம் போன எட்மண்ட் கைலியை உருவினார். நனைந்த கம்பியின் முனை கண் எதிரே இருந்தது. வெல்டிங் போட்ட இடம். வெல்டிங் வரிகள் மீன் செதில் மாதிரி ஒரே அளவில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, குழாயைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்திருந்தன. எங்கே தொடங்கினான் என்று விரலால் தடவித் தேடினார், கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் பத்தொன்பது வருடத்தில் இப்படிக் கையால் போட்ட வெல்டிங்கை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார். இரண்டு வருடமாக இதில் கைலி காயப்போட்டிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் வெல்டிங் நன்றாக இருப்பது வேறு, கம்பி தேவைப்படுவது வேறு. 

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து வருவதற்குள் தெருவை அடைத்துக்கொண்டு பதினோரு வண்டிகள். கோலம் போட்ட வீட்டம்மாக்கள் முறைத்தார்கள். ஜோஷ்வா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜான்சி பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தாள்.

எட்மண்ட் ஷ்யாம்சுந்தரின் வண்டியை ராஜகீழ்ப்பாக்கம் வரை ஓட்டிவிட்டு வந்தார். இழுத்தது. கதவு இடித்தது. ஆனால் இன்னொன்றையும் கவனித்தார்: அத்தனை ஸ்பீடு பிரேக்கரில் ஒன்றுகூட அடிக்கம்பியில் உரசவில்லை. வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி உள்ளே இறங்கினார். கம்பியைச் சப்பையாக அழுத்தி, சைலன்சருக்கும் மேலே ஒளித்து வைத்திருந்தான் பையன். இந்த ஊர் ரோட்டில் தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் அந்த யோசனை வரும்.

ஸ்பேனரை வைத்து முதல் போல்ட்டைத் தளர்த்தினார். கம்பி 'டங்'கென்று துள்ளியது. நேராக உட்கார்ந்த கம்பி துள்ளாது.

"தம்பி," என்று பள்ளத்துக்குள்ளிருந்தே கேட்டார், "முடுக்கறப்போ வண்டி எங்க நின்னுகினு இருந்துச்சு?"

"ஜாக்கில சார். நம்ம ஷெட்ல பள்ளம் இல்ல. ஒரு பக்கமா தூக்கித்தான்..." ஜோஷ்வா பாதியில் நிறுத்தினான். அவனுக்கே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் தூக்கிய வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் கம்பியை முடுக்கினால், இறக்கிய பிறகும் முறுக்கை விடாமல் அது பிடித்துக்கொள்ளும். கோணலைப் பூட்டு போட்டு வைத்த மாதிரி. அவன் முகம் கறுத்தது. பதினோரு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எட்மண்ட் 'வேணாம்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஊர் 'பாத்தியா, சொந்த மருமகன்னு பாக்கல' என்று மெச்சியிருக்கும். வேணாம் என்று சொல்லத்தான் அவருக்கு எப்போதும் சுலபம். அவர் மேலே ஏறி வந்தார்.

"போட்டது தப்பு. பொருள் தப்பில்ல" என்றார் சத்தமாக.

"மருமகனுக்கு சப்போர்ட்டா அண்ணா?" என்று சிரித்தான் பிரசன்னா. கூட்டத்தில் இளையவன், மஞ்சள் கார்க்காரன். வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் எட்மண்டை அதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது அவருக்கு. காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அவன் கையில் திணித்தார்.

"நீயே வைய்யி. நான் தொட மாட்டேன்."

கம்பியை முழுவதும் கழற்றச் செய்தார். பிரசன்னா தாளை மடித்துக் கதவிடுக்கில் செருகினான். ஜாக்கியையும் அவனே போட்டான். மூலை தரையை விட்டு எழுந்ததும் தாள் நழுவி அவன் ஷூவின் மேல் விழுந்தது.

"ஷூ வாங்கின அட்டப்பெட்டிய மூடியில்லாம முறுக்கிப் பாருங்க சார். எப்பிடி வளையும்? கூரை இல்லாத வண்டி அப்பிடித்தான்" என்றார் எட்மண்ட் ஷ்யாம்சுந்தரிடம்.

பிறகு வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்க, மூலைக்கு மூலை அழுத்திக் குலுக்கிவிட்டு, மாமனாரும் மருமகனுமாகப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். இரண்டு பேர் நிற்கிற இடம் இல்லை அது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, குறுக்குக்குக் குறுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். மறுபடி பிரசன்னா தாளைச் செருகி ஜாக்கி போட்டான். தாள் நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினான். நின்றது. ஷ்யாம்சுந்தர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "டேஷ்போர்டு நடுங்குறதே நின்னுடுச்சு சார். இழுக்கவும் இல்ல" என்றார்.

"இந்த வண்டிக்கு வேணும்" என்றார் எட்மண்ட். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்ட டீக்கடைக்காரர் பக்கத்தில் நின்றவரைத் தட்டினார்.

அடுத்து மற்ற பத்து வண்டிகள் வரிசை கட்டின. எல்லாம் கூரை உள்ளவை. எட்மண்டுக்குத் தெரியாதா என்ன நடக்கும் என்று? இருந்தாலும் முதல் வண்டியை ஜாக்கி போடும்போது மனதுக்குள் வேண்டிக்கொண்டார்: விழு. தாள் விழவில்லை. இரண்டாவதை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை அதிகமாகவே தூக்கினார். விழவில்லை. கெட்டியான வண்டியைக் கண்டால் சந்தோஷப்படுகிற மனிதர், ஒரு காலண்டர் தாள் விழ வேண்டும் என்று மாதாவைக் கூப்பிட்டது அன்றுதான். எட்டாவது வண்டியில் விழுந்தது. நெஞ்சு குதித்தது. குனிந்து பார்த்தால் கதவுக்குக் கீழே துரு. "கம்பி வேணாம் சார், மொதல்ல துருவப் பாருங்க" என்று சொல்லும்போது அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. அடுத்த வண்டியில் விழவில்லை. ஜான்சி காலியான பிளாஸ்க்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக மஞ்சள் கார். இதிலும் தாள் நின்றது. பிரசன்னா விடுவதாக இல்லை. "தாள் கெடக்கட்டும்ணா. எனக்கு ஒண்ணு போட்டு விடுங்க, கெத்தா இருக்கும். நான் போட்டா மத்தவங்களும் போடுவாங்க."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின.

எட்மண்ட் வாயைத் திறந்தார். ஜான்சியைப் பார்த்தார். செல்வமேரி சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார். 'வேணாம் எட்மண்ட்', 'வேணாம்' என்று சொல்லாமல் நின்ற ஒரே இடம் அதுதான். பொய் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம் சார்."

நிமிர்ந்தார். சொன்னது ஜோஷ்வா.

"உங்க வண்டிக்குக் கம்பி போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல சார். ஜாக்கில தூக்கினப்போ பாத்தேன், முன்சக்கரத்தைத் தாங்குற ரப்பர் புஷ் தேஞ்சு போயிருக்கு, அதான் திருப்பத்துல ஆடுது. அதை மாத்துங்க, போதும்." கதவிடுக்கிலிருந்து தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தான். "மாமா மாத்திக் குடுப்பாரு."

எட்மண்ட் அந்தச் சொல்லைக் கேட்டார். கேட்காத மாதிரி ஜாக்கியை இறக்கினார். 

கூட்டம் உடனே கலையவில்லை. வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களில் நான்கு பேர், வீட்டில் நிற்கும் இன்னொரு வண்டிக்கு வெளியூரிலிருந்து கம்பி வரவழைத்து ஏற்கெனவே மாட்டியிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். நான்கும் ஜாக்கியில் முடுக்கியவை. கழற்றிவிட வேண்டும், அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டார்கள். தன்னைப் போலக் கூரை திறக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் பெங்களூரில் நிறைய, அவர்களிடம் எல்லாம் சொல்கிறேன் என்று ஷ்யாம்சுந்தர் ஜோஷ்வாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். பிரசன்னா மட்டும் கொஞ்சம் முறைத்துவிட்டு, புஷ் மாற்ற வண்டியை விட்டுவிட்டுப் போனான்.

தெரு காலியானதும் ஜோஷ்வா பள்ளத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, நாளையிலேர்ந்து ஃபிட்டிங் வேலை இங்க வந்து செய்யட்டா? பள்ளம் இல்லாம இந்த வேலை ஆவாது."

"நாளைக்கு இன்னா கெழம?" என்றார் எட்மண்ட்.

"திங்கள்."

"சோஹாருக்கு பதில் சொல்லணும்ல?"

ஜோஷ்வா ஜான்சியைப் பார்த்தான். "சொல்லிட்டேன் மாமா. இப்பதான், மெசேஜ்ல. வேணாம்னு."

எட்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிக்கவெல்லாம் இல்லை, ஒளிக்கத் தெரியவும் இல்லை. கையில் கிடைத்த காலண்டர் தாளால் கண்ணைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. செல்வமேரி.

"இன்னா ஆச்சு? தாள் வுழுந்துச்சா?"

"ஷ்யாம்சுந்தர் சார் வண்டியில வுழுந்துது. மத்தது ஒண்ணும் தேறல."

 "போறாங்களா?" என்றாள் மெதுவாக.

"எங்க போறாங்க? சாப்பாட்டுக்குத்தான் வந்துகினு கீறாங்க." மருமகன் காதில் விழாதபடி திரும்பி நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார். "நாங்க வர்றதுக்குள்ள, பின்னாடி கம்பியில கீற என் கைலிய எடுத்துடு."